போர்வீரர், ஆசான், கணவர்: தளபதி டிலனாய்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற மறைக்கல்வி ஆசிரியர் நினைவுக் கூட்டத்தில், லால்பேட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் வீட்டுக்கு வந்து, “சார், மறைக்கல்வி ஆசிரியர்களை நினைவுகூரும் கூட்டத்தில் நீங்கள்தான் பேசவேண்டும்” என்றார்கள். யாரைப் பற்றிப் பேசுவது என்று கேட்டேன். “நம் பங்கில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மனைவிமாரும் முன்வரிசையில் வந்து உட்காருவார்கள். ஆகையால் படையில் இருந்தவராகவும், பாடம் சொன்னவராகவும், நல்ல குடும்பத் தலைவராகவும் உள்ள ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார்கள். அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது என் கண்முன் வந்து நின்றது ஒரு கல்லறை. அதைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அதற்குமுன் என் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. நான் லால்பேட்டைக்காரன். வீராணம் ஏரிக்கரையில் பிறந்து, மழைக்காலத்தில் வெள்ளியங்கால் ஓடையில் உபரிநீர் திறந்துவிடும் சத்தம் கேட்டு வளர்ந்தவன். எங்கள் ஊரில் இஸ்லாமியப் பெருமக்களே அதிகம். 1862-ல் தொடங்கிய மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி எங்கள் ஊரின் பெருமை. ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் தெருவில் நடந்து வந்தால், கடையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்பார். கற்றுக்கொடுத்தவரை மதிக்கவேண்டும் என்பதை நான் முதலில் கற்றது அந்தத் தெருவில்தான். எங்கள் ஊர் வெற்றிலைக் கொடிக்கால்களையும் நீங்கள் அறிவீர்கள். வெற்றிலைக்கொடி தானாக நிற்காது; அகத்தியை நட்டு அதன்மேல் ஏற்றிவிடுவார்கள். இந்த அகத்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் வேன் பிடித்து, புனித தேவசகாயம் உயிர்நீத்த ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குத் திருயாத்திரை போனோம். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் புனிதரின் கல்லறையைத் தரிசித்தபின், தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்கும் போனோம். இன்று அது வனத்துறையின் பூங்கா. பிள்ளைகள் மானையும் பறவைகளையும் பார்க்க ஓடினார்கள். வயதான நாங்கள் மரநிழலில் நடந்து, பாழடைந்த ஒரு சிற்றாலயத்திற்குள் நுழைந்தோம். மேற்கூரை இல்லை, சுவர்கள் மட்டும் நிற்கின்றன. உள்ளே கல்லறைகள். அவற்றுள் ஒன்றில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அதுதான் தளபதி யூஸ்டாக்கியஸ் பெனடிக்ட் டிலனாய் துயில்கொள்ளும் இடம்.

யார் இந்த டிலனாய்?

அன்பர்களே, கடலூர்க்காரர்களாகிய நமக்கு ஐரோப்பியப் படைகள் புதியவை அல்ல. தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் வைத்திருந்த டேவிட் கோட்டையும், அதற்காக அவர்களும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டதும் நாம் பள்ளியில் படித்தவைதான். அதே காலத்தில் தெற்கே குமரிக் கடற்கரையில் டச்சுக் கம்பெனியார் மிளகு வாணிபத்திற்காகப் படையோடு வந்து இறங்கினார்கள். 1741 ஆகஸ்டு 10-ஆம் நாள் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களை முறியடித்தது. அப்போது மன்னர் கைக்கு வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் டிலனாய். அவர்தான் டச்சுப் படையின் தளபதி என்று மக்கள் கதையாகச் சொல்வார்கள். வரலாற்று ஆய்வாளர்களோ அவர் அத்தனை பெரிய பதவியில் இருந்தவர் அல்லர் என்கிறார்கள். எப்படியாயினும், அந்நிய மண்ணில் தோற்றுப்போய், எதிரியின் அரண்மனை முன்னே கைகட்டி நின்ற ஓர் இளைஞர் அவர். மொழி தெரியாது, உறவு கிடையாது, ஊர் திரும்பும் வழியும் இல்லை.

மன்னர் அவரைக் கொல்லவில்லை, பணியில் அமர்த்திக்கொண்டார். “உன் நாட்டுப் போர்முறையை என் ஆட்களுக்குக் கற்றுக்கொடு” என்பதே அவருக்கு இட்ட வேலை. அன்றுமுதல் டிலனாய் வாத்தியார் ஆனார். வரிசையாக நிற்பது, ஒரே நேரத்தில் துப்பாக்கியை நிரப்பிச் சுடுவது, பீரங்கியைக் கையாளுவது, கோட்டைச் சுவரை எந்தக் கோணத்தில் கட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். உதயகிரியைக் கருங்கல் கோட்டையாகப் பலப்படுத்தி, அங்கே பீரங்கி வார்க்கும் பட்டறையும் அமைத்தார். கன்னியாகுமரிக்கு அருகே கடலோரத்தில் நிற்கும் வட்டக்கோட்டையும் அவர் கைபட்டதே. வடக்கே நெடுங்கோட்டை என்னும் நீண்ட அரணைக் கட்டியதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் இறந்து 12 ஆண்டு கழித்து, 1789-ல் திப்பு சுல்தானின் படை வந்தபோது, அந்த அரண் முதல் தாக்குதலைத் தடுத்து நிறுத்தியது. மக்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய தளபதி, என்று அழைத்தார்கள். உதயகிரிக்கு ‘டிலனாய் கோட்டை’ என்றே பெயர் வந்தது. கைதியாக வந்தவர் பெயரிலேயே கோட்டை என்றால், அவரிடத்தில் மக்களுக்கு இருந்த மதிப்பு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

இது படைவீரர் டிலனாயின் கதை. வரலாற்றுப் புத்தகங்களில் இது இருக்கிறது. திருச்சபை அவரை நினைப்பது இதற்காக அல்ல.

கோட்டை வேலைகளுக்காக அரண்மனையிலிருந்து ஓர் அதிகாரி டிலனாயோடு பழகிவந்தார். நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன் அவர். உயர்ந்த குலம், அரண்மனைச் செல்வாக்கு, அன்பான மனைவி பார்கவி என்று குறையில்லாத வாழ்க்கை. அந்த வீட்டில் கஷ்டகாலம் நுழைந்தது. மாடுகள் மடிந்தன, விளைச்சல் போயிற்று, பொருள் கரைந்தது. தெய்வக் குற்றம் என்றார்கள் சிலர். முகம் வாடி வந்த நண்பரைப் பார்த்து டிலனாய் காரணம் கேட்டார். கேட்டுவிட்டு, விவிலியத்திலிருந்து யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார்.

இங்கே சற்று நிறுத்துகிறேன். நாமெல்லாம் யோபுவின் கதையைச் சொல்லிக்கொடுத்தவர்கள். ஆடு, மாடு, ஒட்டகம், பிள்ளைகள் எல்லாம் போயின. பார்க்க வந்த நண்பர்கள் முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்தபிறகுதான் கெட்டது. நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் துன்பம் என்று வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். டிலனாய் அப்படிப் பேசவில்லை. எல்லாம் இழந்தவனையும் கடவுள் கைவிடுவதில்லை என்று சொல்லும் கதையை எடுத்து நண்பர் கையில் கொடுத்தார். தாமும் எல்லாம் இழந்து வந்தவர் அல்லவா! புத்தகத்தில் படித்ததை மட்டும் சொல்லியிருந்தால் அது நீலகண்டன் நெஞ்சில் இறங்கியிருக்குமா? பட்டவர் சொன்ன பாடம் என்பதால் இறங்கியது.

நீலகண்டன் திருமுழுக்குப் பெற விரும்பினார். டிலனாய் அவரைத் திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே, வடக்கன்குளத்தில் இருந்த சேசு சபைக் குரு புத்தாரி அடிகளிடம் அனுப்பிவைத்தார். 1745-ல் அங்கே அவர் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். அவர் மனைவியும் பின்னர் அதே வழியில் வந்து ஞானப்பூ ஆனார்.

அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். தேவசகாயம் சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார்; எல்லாரும் கடவுளின் பிள்ளைகள் என்றார். அரண்மனை பொறுக்கவில்லை. 1749 பிப்ரவரியில் கைது செய்தார்கள். எருமைமேல் பின்புறமாக உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை சூட்டி, ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அடித்தார்கள், காயத்தில் மிளகாய்ப் பொடி தடவினார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது, முழங்கையால் பாறையை இடிக்க நீர் சுரந்தது என்பது மரபு. அந்த ‘முட்டிடிச்சான் பாறை’யை இன்றும் மக்கள் தரிசிக்கிறார்கள். அது எங்கே இருக்கிறது தெரியுமா? டிலனாயின் கோட்டை இருக்கும் அதே புலியூர்க்குறிச்சியில்!

1752 ஜனவரி 14-ஆம் நாள், காற்றாடிமலையில் மன்னரின் படைவீரர்கள் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றார்கள்.

அன்பர்களே, அந்தப் படைக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் யார்? டிலனாய். சுடப்பட்டவருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் யார்? அவரும் டிலனாய்தான். ஒரே ஆசிரியர் இரண்டு பாடம் நடத்தினார். ஒரு பாடம் படித்தவர்கள் துப்பாக்கியின் இந்தப் பக்கம் நின்றார்கள்; இன்னொரு பாடம் படித்தவர் அந்தப் பக்கம் நின்றார்.

டிலனாய் பணியை விட்டு விலகவில்லை. அதற்குப் பிறகும் 25 ஆண்டு திருவிதாங்கூருக்கு உழைத்தார். மாணவர் உயிரைக் கொடுத்தார். ஆசிரியர் பதவியில் இருந்தார். இதைச் சொல்லி அவரைக் குறைகூறுகிறவர்கள் உண்டு. வேனில் திரும்பி வரும்போது எங்களோடு வந்த கல்லூரி மாணவர் ஒருவரே கேட்டார்: “தாத்தா, ஏன் அவர் வாளை வீசி எறிந்துவிட்டு வெளியே வரவில்லை?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏன் என்பதை இன்று இந்த மேடையில் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், அதன் பெயர் இங்கே வேண்டாம், பெற்றோரிடம் ரசீது இல்லாமல் பணம் வாங்கினார்கள். என் வகுப்பில் படித்த ஏழைப் பையன் ஒருவன் எழுந்து, “ரசீது கொடுங்கள்” என்று கேட்டான். யாருக்கும் அஞ்சாமல் உண்மையைப் பேசு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எப்போதும்போல் வகுப்புக்குப் போனேன். எனக்கு மூன்று பிள்ளைகள், வீட்டுக் கடன். இவை காரணங்கள்தான், ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை என்பது உண்மை.

அன்று மாலை என் மனைவி கேட்டாள்: “உங்கள் பாடத்தை நம்பித்தானே அந்தப் பிள்ளை எழுந்து நின்றான்? அவனுக்காகப் பேசத்தான் உங்களால் முடியவில்லை. அவன் வீட்டில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாவது வாருங்கள்.” போனேன். யோபுவின் நண்பர்களைப்போல் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாய் எனக்குக் காபி கொடுத்தார்கள். அந்தப் பையன் வேறு பள்ளியில் படித்து இன்று நல்ல நிலையில் இருக்கிறான். ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போவதில்லை. “சார், நீங்கள் சொல்லிக்கொடுத்தது” என்று அவன் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தலை குனிகிறது.

ஆகையால் டிலனாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு வாய் வரவில்லை. அவரைப் புனிதர் என்றும் நான் சொல்லவில்லை. திருச்சபை பலிபீடத்தில் ஏற்றியது மாணவரைத்தான். 2012 டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம். 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் கையால் புனிதர் பட்டம். சாதிப் பெயரையும் நீக்கி, வெறும் தேவசகாயமாக, குடும்பஸ்தராகிய ஒரு பொதுநிலையினரைத் திருச்சபை உலகுக்கு உயர்த்திக் காட்டியது. ஆனால் அந்தப் புனிதரின் வரலாற்றை எந்த மொழியில் யார் சொன்னாலும், யோபுவின் கதையைச் சொன்ன டிலனாயைக் கடந்து போக முடியாது. ஆசிரியர் தம்மால் ஏற முடியாத மலைக்கும் மாணவனுக்கு வழிகாட்டிவிட முடியும். இது நமக்கு ஆறுதலும் ஆகும், எச்சரிக்கையும் ஆகும். நாம் சொல்லும் பாடத்தை ஒரு பிள்ளை நம்மைவிட அதிகமாக நம்பிவிடக்கூடும். அன்று அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நாம் எங்கே நிற்போம் என்பதை இப்போதே யோசித்துக்கொள்ள வேண்டும்.

மீண்டும் அந்தக் கூரையில்லாத கோவிலுக்கு வாருங்கள். டிலனாய் 1777 ஜூன் முதல் நாள் காலமானார். கல்லறைக் கல் வழிப்போக்கனை நிற்கச் சொல்கிறது. ஏறத்தாழ 37 ஆண்டு மன்னருக்கு உண்மையோடு ஊழியம் செய்தவர் என்கிறது. காயங்குளம் முதல் கொச்சி வரை உள்ள நாடுகளை ஆயுத பலத்தால் அடக்கியவர் என்கிறது. 62 ஆண்டும் 5 மாதமும் வாழ்ந்தார் என்று கணக்குச் சொல்கிறது. தேவசகாயம் என்னும் பெயர் அதில் இல்லை. ஆனால் நாங்கள் லால்பேட்டையிலிருந்து அத்தனை தூரம் போனது காயங்குளத்தை அவர் வென்றதற்காகவா? கல்லில் எழுதாத அந்த ஒன்றுக்காகத்தானே!

அந்தக் கல்லறை தனியாக இல்லை. பக்கத்தில் அவருடைய மனைவி மார்கரீத்தா அம்மாள் துயில்கிறார். 1765-ல் களக்காட்டுப் போரில் காயம்பட்டு, இருபது வயதளவில் மாண்டுபோன மகன் யோவானும் அங்கேதான் நினைக்கப்படுகிறார். வலிய கப்பித்தானின் வீட்டிலும் யோபுவின் துயரம் வந்தது பாருங்கள். நண்பருக்குச் சொன்ன கதையை இருபது ஆண்டு கழித்துத் தமக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய நாள் அவருக்கு வந்தது. மகனைப் புதைத்த பிறகு இன்னும் 12 ஆண்டு அந்தக் கணவனும் மனைவியும் அந்தக் கோட்டைக்குள்ளேயே வாழ்ந்தார்கள். போர்க்களத்துக் கணக்கை எழுதக் கல் இருந்தது. ஒரு தாய் அந்த வீட்டில் அழுத கணக்கை எழுதக் கல் ஏது? தேவசகாயத்தின் மனைவி ஞானப்பூவும் அப்படித்தான். கணவரை இழந்தபின் வடக்கன்குளத்தில் விதவையாகத் தம் நாட்களைக் கழித்து, அங்கேயே அடக்கமானார்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் கணவர் எல்லையில் காவல் நின்ற மாதங்களில் குடும்பத்தைக் காத்தவர்கள் நீங்கள். ஓய்வுபெற்று வந்து, ஞாயிறு தோறும் அவர் கோவிலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போனபோது, அடுப்படியில் சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தவர்களும் நீங்கள். அவர்களுக்குப் படையில் பதக்கம் கொடுத்தார்கள். உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. இந்தப் பொன்விழாவிலாவது உங்களை எழுந்து நிற்கச் சொல்லாமல், நாங்கள் எழுந்து நின்று வணங்குகிறோம்.

இப்போது அகத்திக்கு வருகிறேன். கொடிக்காலில் வெற்றிலையைக் கிள்ளிக் கவுளி கட்டிச் சந்தைக்கு அனுப்பும்போது, அகத்தியைப் பற்றி வாங்குகிறவர் கேட்பதில்லை. ஆனால் கொடிக்கால்காரருக்குத் தெரியும், அகத்தி சாய்ந்தால் கொடியும் தரையில்தான் என்று. நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தில் எத்தனை குருக்கள், எத்தனை கன்னியர்! அவர்களில் ஒவ்வொருவருக்கும் முதன்முதலில் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்த ஒரு கை உண்டு. அந்தக் கை யாருடையது என்று எந்தக் கல்லில் எழுதியிருக்கிறது?

ஆகவே பங்குத்தந்தை அவர்களிடம் ஒரு விண்ணப்பம். இந்த விழா மலரோடு நில்லாமல், நம் பங்கில் ஒரு குறிப்பேடு வைப்போம். இந்த 50 ஆண்டில் ஞானோபதேசம் சொன்னவர்கள் பெயரையெல்லாம் அதில் எழுதுவோம். அவர்கள் என்ன பதவி வகித்தார்கள் என்பதைவிட, யாருக்கு எதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை, படித்த பிள்ளைகளே வந்து தங்கள் கையால் எழுதட்டும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவருடைய வாழ்க்கைத் துணையின் பெயரும் இருக்கட்டும். உயிரோடு இருப்பவர்களிடம் இந்த வாரமே போய்க் கேட்டு எழுதுவோம். அவர்கள் போனபின் கல்லில் எழுதுவதைக் காட்டிலும், இருக்கும்போது தாளில் எழுதுவது மேல்.

அந்தக் கல்லூரி மாணவருக்கு வேன் விழுப்புரம் தாண்டும்போதுதான் பதில் சொன்னேன். “தம்பி, அவர் ஏன் வெளியே வரவில்லை என்று அவரைக் கேட்க முடியாது. உன்னைக் கேட்கலாம், என்னைக் கேட்கலாம்” என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இன்று அவர் நம் பங்கில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி ஆசிரியர். அதோ, பின்வரிசையில் பிள்ளைகளோடு நிற்கிறார்.

தளபதி டிலனாய்க்கும், மார்கரீத்தா அம்மாளுக்கும், அவர்கள் மகனுக்கும், நம் பங்கில் பாடம் சொல்லி மறைந்த எல்லா ஆசிரியர்களுக்கும் ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக. புனித தேவசகாயம் நமக்காக மன்றாடுவாராக.